ரைட்டிங்கில் மட்டும் 6-லேயே நிற்கிறேனுங்க, மூன்றாவது தடவை கட்டலாமா?

கோபி_நர்ஸ்
ஞாயிறு, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கமுங்க. இத்தனை நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.எஸ்சி. நர்சிங். கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு வருடமாக வேலை. பிரிட்டன் போக ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வை இரண்டு தடவை எழுதிவிட்டேன். முதல் தடவை ரைட்டிங் 5.5. மூன்று மாதத்துக்கு முன்னால் இரண்டாவது தடவை: லிசனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 6. அங்கே நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்எம்சி கேட்பது மற்ற மூன்றிலும் 7, ரைட்டிங்கில் மட்டும் 6.5. அரை பேண்ட், அதாவது அரை மார்க்தான் குறைகிறது.

காந்திபுரத்தில் ஒரு கோச்சிங் சென்டரில் இரண்டு மாதம் படித்தேன். பெயர் வேண்டாம். பதினைந்து டெம்ப்ளேட்டை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். என்ன தலைப்பு வந்தாலும் "இன் திஸ் மாடர்ன் இரா" என்று ஆரம்பித்து, "எவ்ரி காயின் ஹேஸ் டூ சைட்ஸ்" என்று முடிக்க வேண்டும். நைட் டியூட்டியில் மருந்து டிராலி தள்ளும்போதுகூட அதைத்தான் முணுமுணுத்தேன்.

மூன்றாவது தடவை கட்டவா? மருத்துவத் துறைக்காரர்களுக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வுக்கு மாறவா? பிடிஇ என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வு சுலபம் என்கிறார்களே, அதுவா? ஒவ்வொரு தடவையும் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. "இன்னும் எத்தனை தடவைதான் கட்டுவ அம்மணி" என்று அப்பா கேட்கிறார்.

பனியன்காரன்
ஞாயிறு, இரவு 11.15

வாங்கம்மணி, இதே குழியில் நானும்தான் கிடக்கிறேன். திருப்பூர், எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஒன்பது வருடம். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது மெயில் துணி வாங்குகிற பையருக்குப் போகும், எல்லாம் இங்கிலீஷில். "எனக்கென்னடா பரீட்சை" என்று போய் உட்கார்ந்தேன். கனடாவுக்கான ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் டிரெய்னிங். ரைட்டிங் 6. எனக்கு வேண்டியது லிசனிங் 8, மற்ற மூன்றும் தலா 7. ஏதாவது வழி தெரிந்தால் எனக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மைக்_டெஸ்டிங்
திங்கள், காலை 7.05

பிடிஇக்கு மாறிவிடுங்கள். முழுக்கக் கம்ப்யூட்டர், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், ரிசல்ட் பெரும்பாலும் இரண்டு நாளில் வரும். எக்ஸாமினர் முகத்தைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று, மைக்கில் பேசும்போது மூன்று விநாடி சும்மா இருந்தால் ரெக்கார்டிங் நின்றுவிடும். யோசித்து யோசித்துப் பேசுகிறவர்களுக்கு ஆகாது. நான் ஆஸ்திரேலியாவுக்கு அதில்தான் எடுத்தேன்.

லீட்ஸ்_அக்கா
திங்கள், பகல் 1.30

மைக் தம்பி, பிடிஇயை என்எம்சி எடுத்துக்கொள்வதில்லை. அவர்களுக்கு ஐஇஎல்டிஎஸ் அகாடமிக், இல்லாவிட்டால் ஓஇடி. ஆஸ்திரேலியா கதை வேறு, கனடா கதை வேறு. எந்தப் பரீட்சை சுலபம் என்று பார்ப்பதற்கு முன்னால், போகிற இடம் எதை வாங்கிக்கொள்ளும் என்று பார்க்க வேண்டும். ஊரில் பாதிப் பணம் இதில்தான் வீணாகிறது.

அம்மணி, நான் ஈரோட்டுக்காரி. இப்போது லீட்ஸில் வார்டு நர்ஸ். ஓஇடியில்தான் வந்தேன். லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங்கில் 350, அதாவது பி. ரைட்டிங்கில் 300, சி பிளஸ் இருந்தால் போதும். அதில் ரைட்டிங் என்றால் கட்டுரை கிடையாது, ஒரு கடிதம். கேஸ் நோட்ஸ் கொடுப்பார்கள். ஐந்து நிமிடம் படிக்க மட்டும், நாற்பது நிமிடம் எழுத. நோயாளியை இன்னொருவரிடம் ஒப்படைத்து எழுத வேண்டும், ஏறக்குறைய 180 முதல் 200 சொல். நாம் தினமும் ஷிப்ட் மாறும்போது செய்கிற ஹேண்ட் ஓவர்தானே என்று தோன்றும். அங்கேதான் வழுக்கும். காலில் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்யப் போகிற நர்ஸுக்கு, அவருக்குச் சர்க்கரை இருப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், இருபது வருடத்துக்கு முன்னால் அப்பெண்டிக்ஸ் எடுத்ததைச் சொல்ல வேண்டியதில்லை. நோட்ஸில் இருப்பதை எல்லாம் கொட்டினால் மார்க் குறையும். நான் முதல் தடவை கொட்டித்தான் கெட்டேன்.

கட்டணமும் ஓஇடிக்குக் கூடுதல். மூன்று பகுதியில் ஏற்கெனவே தேறியிருக்கிறீர்கள். அரை பேண்டுக்காக முழுசாக மாறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சங்ககிரி_லாரி
திங்கள், பகல் 2.10

திரும்பத் திருத்தச் சொல்லி ரீமார்க் போட்டுப் பார்த்தீர்களா? மார்க் மாறினால் கட்டிய பணம் திரும்ப வரும். அந்த ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதும் வசதியும் வந்திருக்கிறதே.

கோபி_நர்ஸ்
திங்கள், மாலை 6.20

ரீமார்க்குக்கு ஆறு வாரம்தானுங்ணா. ஒரு பகுதியை மட்டும் எழுத அறுபது நாள். டியூட்டி, தங்கச்சி கல்யாணம் என்று இரண்டையும் விட்டுவிட்டேன்.

ஓய்வு_வாத்தியார்
திங்கள், இரவு 8.00

நான் தாராபுரம் பக்கம் முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். இந்தத் தேர்வுகளுக்குப் பேரப்பிள்ளைகளைத் தயார் செய்யப் போய் நானும் கற்றுக்கொண்டேன்.

அம்மணி, நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதக்கூடாது என்பது உங்களுக்கே தெரியும். இங்கே எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். பழைய பயிற்சிக் கட்டுரை ஒன்றைப் படமெடுத்துப் போடுங்கள். திருத்தாமல், எழுதியபடியே.

கோபி_நர்ஸ்
திங்கள், இரவு 9.45

போட்டிருக்கிறேனுங்க ஐயா. "அரசு மருத்துவமனைக்குக் கூடுதல் பணம் ஒதுக்க வேண்டுமா, நோய் வராமல் தடுப்பதற்கு ஒதுக்க வேண்டுமா" என்ற தலைப்பு. கையெழுத்து கொஞ்சம் மோசம். டியூட்டி முடிந்து எழுதியது.

ஓய்வு_வாத்தியார்
செவ்வாய், காலை 6.10

விடியற்காலையிலேயே உட்கார்ந்து படித்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் 274 சொல். அதில் 83 சொல் உங்களுடையது அல்ல, ஜெராக்ஸில் வந்தவை. அதை எடுத்துவிட்டால் 191தான் மிச்சம். கேட்பது குறைந்தது 250. தேர்வு செய்கிறவர் இந்த "மாடர்ன் இரா"வை உங்கள் ஒருவரிடம் மட்டும் பார்ப்பதில்லை. மனப்பாட வரி எது, சொந்த வரி எது என்பது அவருக்கு உடனே தெரியும். உங்களுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஜெராக்ஸ் வரி பட்டு மாதிரி இருக்கிறது, அடுத்த வரி கிழிந்த துண்டு மாதிரி இருக்கிறது. ஒட்டுப் போட்ட இடம் தெரிகிறது.

ஆனால் அந்தக் கிழிந்த துண்டில்தான் சரக்கு இருக்கிறது. சர்க்கரை நோயாளி ஒருவர் கால் விரலை எடுக்கும் நிலையில் வந்ததையும், இரண்டு வருடத்துக்கு முன்னால் யாராவது காலைக் கவனிக்கச் சொல்லியிருந்தால் அது நடந்திருக்காது என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். கட்டுரையில் உயிருள்ள பத்தி அது ஒன்றுதான். அதை மூன்றே வரியில் முடித்துவிட்டு "எவ்ரி காயின்" பக்கம் ஓடிவிட்டீர்கள்.

இனி பிழைகள். எண்ணினேன், 22. எழுத்துப்பிழை இரண்டுதான். பன்மை, வினை எல்லாம் சேர்த்து ஆறு. மீதி பதினான்கும் ஒரே பிழை: "எ", "ஆன்", "த" என்ற ஆர்டிகிள்கள் இல்லை. "பேஷண்ட் நீட்ஸ் டிரெஸ்ஸிங்", "டாக்டர் அட்வைஸ்டு டெஸ்ட்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது எங்கிருந்து வந்தது தெரிகிறதா? கேஸ் ஷீட்டிலிருந்து. நான்கு வருடமாகத் தினமும் அப்படித்தான் எழுதுகிறீர்கள். கேஸ் ஷீட்டில் அது சரியான ஆங்கிலம். அங்கே "த" போட்டு எழுதினால் உங்கள் சிஸ்டர் இன்சார்ஜ் சிரிப்பார். கட்டுரையில் அதே பழக்கம் பிழையாகிவிடுகிறது. உங்களுக்கு இங்கிலீஷ் வராமல் இல்லை. உங்கள் வேலையின் இங்கிலீஷ் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பனியன்காரன்
செவ்வாய், காலை 9.30

ஐயா, படிக்கப் படிக்க எனக்கே வேர்க்கிறது. ரைட்டிங்கில் என் முதல் கேள்வி, டாஸ்க் ஒன்று, என்ன தெரியுமா? ஊர் மாறிப் போன நண்பனைக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டுக் கடிதம். நான் எழுதியது: "ஹோப் திஸ் மெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல். ப்ளீஸ் நோட் த ஃபங்ஷன் டேட். கைண்ட்லி கன்ஃபர்ம் பை ரிட்டர்ன் மெயில்." கூடப் படித்த பங்காளிக்கு இப்படி எழுதினால் அவன் வருவானா? ஷிப்மெண்ட்டுக்குத்தான் ஆள் அனுப்புவான்.

ஓய்வு_வாத்தியார்
செவ்வாய், காலை 10.05

அதேதான். அந்தக் கடிதத்தில் தொனிக்கென்றும் மார்க் உண்டு. நண்பனுக்கு எழுதுவது வேறு, வீட்டுக்காரருக்கு எழுதுவது வேறு, கம்பெனிக்குப் புகார் எழுதுவது வேறு. உங்கள் விரல் மூன்றையும் பையருக்கே எழுதுகிறது. உங்கள் கடிதத்தையும் போடுங்கள்.

அம்மணிக்கு "த" விஷயம் சொல்லிவிடுகிறேன். தமிழில் அது இல்லை, அதனால்தான் வருவதில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி உண்மை. தமிழில் அந்த வேலையை வேறொன்று செய்கிறது, நாம் கவனிப்பதில்லை. "ஊசி போட்டேன்" என்கிறீர்கள். "ஊசியைப் போட்டேன்" என்கிறீர்கள். இரண்டும் ஒன்றா?

கோபி_நர்ஸ்
செவ்வாய், பகல் 2.40

இல்லைங்க. முதலாவது, ஏதோ ஒரு ஊசி. இரண்டாவது, டாக்டர் எழுதி வைத்த அந்த ஊசி. "ஊசியைப் போட்டாச்சா" என்று கேட்டால் எந்த ஊசி என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஓய்வு_வாத்தியார்
செவ்வாய், மாலை 4.15

பார்த்தீர்களா, நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்த "ஐ" வருகிற இடத்தில் பெரும்பாலும் "த" வரும். அது வராத, ஏதோ ஒரு பொருளைச் சொல்கிற இடத்தில் "எ" வரும். "தேங்காய் வாங்கிட்டு வா" என்றால் கடையில் எந்தத் தேங்காயானாலும் சரி. "தேங்காயை வாங்கிட்டு வா" என்றால் நேற்றே சொல்லி வைத்த தேங்காய். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் மனதில் தமிழ் சொல்லிப் பாருங்கள்: ஊசியா, ஊசியையா?

முட்டை_நாமக்கல்
செவ்வாய், இரவு 9.00

ஐயா, சும்மா ஒரு குறுக்குக் கேள்வி. எழுவாயில் என்ன செய்வீர்கள்? "சூரியன் உதித்தது" என்பதில் "ஐ" கிடையாது, ஆங்கிலத்தில் "த சன்" வருகிறதே. "எஜுகேஷன்", "ஹெல்த்" மாதிரிச் சொற்களுக்குப் பொதுவாக ஒன்றுமே வராது, தமிழில் "கல்வியை" என்கிறோமே. உங்கள் சூத்திரம் பாதி வழியிலேயே பஞ்சர்.

ஓய்வு_வாத்தியார்
புதன், காலை 6.00

பஞ்சர்தான், ஒப்புக்கொள்கிறேன். எழுவாயாக வரும்போது "ஒரு" வைத்துப் பார்க்கலாம், "அந்த" வைத்துப் பார்க்கலாம், எது ஒட்டுகிறதோ அது. உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருப்பதற்கு "த". கல்வி, உடல்நலம் மாதிரி எண்ண முடியாததைப் பொதுவாகச் சொன்னால் எதுவும் வேண்டாம். முழு இலக்கணம் படிக்க அம்மணிக்கு நேரமில்லை. பதினான்கில் ஒன்பது சரியானால் அரை பேண்ட் நகர வாய்ப்பு உண்டு. அதற்கு இந்தப் பஞ்சர் வண்டியே போதும்.

இளநி_பொள்ளாச்சி
புதன், காலை 11.20

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். காலேஜ் இறுதி ஆண்டு. ரீடிங்கில் "ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்" வந்தாலே பாதி தப்பாகிறது. ஃபால்ஸுக்கும் நாட் கிவனுக்கும் என்னதான் வித்தியாசம்?

முட்டை_நாமக்கல்
புதன், பகல் 12.00

இது நம்ம ஏரியா. பத்தியில் "ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள். கேள்வி: "ஈரோடு மஞ்சளுக்கு இன்னும் புவிசார் குறியீடு கிடைக்கவில்லை." பத்தி அதை மறுக்கிறது, ஃபால்ஸ். இன்னொரு கேள்வி: "குறியீடு கிடைத்த பிறகு மஞ்சள் விலை ஏறியது." ஏறியிருக்கலாம், இறங்கியிருக்கலாம், உங்கப்பாரு மூட்டை மூட்டையாகப் போட்டு நட்டப்பட்டிருக்கலாம். பத்தி வாயே திறக்கவில்லை, நாட் கிவன். நமக்கு வெளியில் தெரிந்த விஷயத்தை உள்ளே கொண்டு போகிறோம் பாரு, அங்கேதான் தப்பு. ஊர்க்காரனாக இருந்தால் இந்தப் பத்தியில் கண்டிப்பாகத் தப்பு விடுவான்.

தப்புக்கு மைனஸ் மார்க் கிடையாது, எதையும் காலியாக விடாதே.

மஞ்சமண்டி
புதன், மாலை 5.30

மஞ்சள் பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். ஈரோட்டில் மண்டி. நான் பரீட்சை எழுதவில்லை, பையன் எழுதினான். டாஸ்க் ஒன்றில் கிராஃப் கொடுத்து 150 சொல் எழுதச் சொல்வார்களாம். இவன் 2001-ல் இவ்வளவு, 2002-ல் இவ்வளவு என்று வாய்ப்பாடு மாதிரி வரிசையாக ஒப்பித்திருந்தான். "ஏன்டா, ஏலம் முடிந்து வந்தால் தோட்டத்துக்காரர் போனில் என்ன கேட்பார்? ஒவ்வொரு மூட்டை விலையையுமா? விரலி ஏறியிருக்கு, கிழங்கு அப்படியே நிக்குது, போன வாரத்துக்கு வரத்து கம்மி. இதைத்தானே முதலில் சொல்வோம்? அப்புறம்தானே குவிண்டால் என்ன விலை என்பது" என்றேன். சார் அதைத்தான் ஓவர்வியூ என்கிறார், இத்தனை நாள் புரியவில்லை என்றான்.

லீட்ஸ்_அக்கா
புதன், இரவு 11.50

மண்டிக்கார அண்ணன் சொன்னதுதான் முழுப் பாடம். ஓவர்வியூ இல்லாத டாஸ்க் ஒன்றுக்கு நல்ல மார்க் வருவது கஷ்டம். கட்டுரை எழுதும் டாஸ்க் இரண்டுக்கு எடை இரண்டு மடங்கு, அதையும் மறக்கக்கூடாது. இருபது நிமிடம், நாற்பது நிமிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அம்மணி, ஒன்று கேட்கிறேன். போட்டது பேனாவில் எழுதிய கட்டுரை. பரீட்சை கம்ப்யூட்டரில்தானே எழுதினீர்கள்?

கோபி_நர்ஸ்
வியாழன், காலை 8.15

ஆமாங்கக்கா. இரண்டு விரலில் டைப் அடிப்பேன். போன தடவை டாஸ்க் இரண்டில் கடைசிப் பத்தி பாதியில் நின்றுவிட்டது.

லீட்ஸ்_அக்கா
வியாழன், பகல் 1.00

அப்புறம் அதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை! பேனாவில் எழுதிப் பழகிவிட்டு கீபோர்டில் போய் உட்காருவது, செருப்போடு பழகிவிட்டு வெறுங்காலில் கொடிவேரி அணைப் பாறையில் நடப்பது மாதிரி. இன்றிலிருந்து எல்லாப் பயிற்சியும் கீபோர்டில்தான். ஸ்பெல்லிங் திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள், பரீட்சையில் அது கிடையாது. எத்தனை சொல் ஆயிற்று என்று திரையே காட்டும், எண்ணி நேரத்தை வீணாக்க வேண்டாம். லிசனிங்கிலும் பேப்பர் மாதிரி விடையை மாற்றி எழுதப் பத்து நிமிடம் கிடையாது, சரிபார்க்க இரண்டே நிமிடம்.

கோபி_நர்ஸ்
வியாழன், இரவு 10.30

சரிங்கக்கா. மூன்றாவது தடவையே கட்டுகிறேன். இரண்டு மாதம் கழித்துத் தேதி. வாரம் இரண்டு கட்டுரை இங்கே போடுகிறேன், வாத்தியார் ஐயா பார்க்க வேண்டும். டெம்ப்ளேட் ஜெராக்ஸில் பின்பக்கம் காலியாக இருந்தது, அதில்தான் இனி குறிப்பு எழுதப் போகிறேன்.

கரூர்_பஸ்பாடி
வெள்ளி, காலை 10.10

என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டமே காலி. இனிஷியல் விரித்து எல்லாம் கிவன் நேமில் இருக்கிறது. புக் பண்ணும்போது என்ன போடுவது?

சங்ககிரி_லாரி
வெள்ளி, காலை 10.40

பாஸ்போர்ட்டில் இருப்பது எப்படியோ அப்படியே போக வேண்டும், அப்பா பெயரை நீங்களாக சர்நேம் ஆக்கிவிடாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன்னாலேயே மையத்துக்கு மெயில் போட்டுக் கேட்டு, பதிலைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சை அன்றைக்கு அந்தப் பாஸ்போர்ட்டைத்தான் பார்ப்பார்கள், ஆதார் செல்லாது.

இளநி_பொள்ளாச்சி
சனி, மாலை 6.00

ஸ்பீக்கிங்கில் 7 எடுத்த கோபி அக்கா, அதை எப்படி எடுத்தீர்கள் என்று சொல்லவே இல்லையே? எனக்கு "யெக்ஸாம்", "வொன்லி" என்றுதான் வாயில் வருகிறது. பையன்கள் சிரிக்கிறார்கள்.

கோபி_நர்ஸ்
சனி, இரவு 11.10

சிரிக்கட்டும் தம்பி. நம்ம உச்சரிப்பு என்பதற்காக மார்க் குறைக்க மாட்டார்கள், புரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். மொத்தமே பதினொன்றிலிருந்து பதினாலு நிமிடம். நடுவில் ஒரு அட்டை கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். முதல் தடவை "தண்ணீருக்குப் பக்கத்தில் உள்ள இடம்" என்று வந்தது. சென்டரில் சொல்லிக் கொடுத்த மாதிரி, நான் பார்க்காத ஏதோ வெளிநாட்டுக் கடற்கரையைப் பற்றி ஆரம்பித்தேன். எக்ஸாமினர் அம்மா "அங்கே யாரோடு போனீர்கள்" என்று கேட்டார். யாரோடு போனேன்! 6 வந்தது. இரண்டாம் தடவை "சின்ன வயதில் அடிக்கடி போன இடம்". கொடிவேரிக்குப் போய்விட்டேன். அணையில் தண்ணீர் விழும் சத்தம், மீன் வறுவல் வாசம், அப்புச்சி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே குளிக்க விட்டது. இரண்டு நிமிடம் போனதே தெரியவில்லை. எக்ஸாமினர்தான் நிறுத்தினார்.

ஓய்வு_வாத்தியார்
ஞாயிறு, காலை 6.20

அம்மணி, ஸ்பீக்கிங்கில் நீங்களே கண்டுபிடித்ததை ரைட்டிங்கில் ஏன் செய்யவில்லை? அந்தக் கால் விரல் நோயாளிதான் உங்கள் கொடிவேரி.

(எட்டு வாரம் கழித்து)

கோபி_நர்ஸ்
வெள்ளி, இரவு 9.00

ரிசல்ட் வந்துவிட்டதுங்க. லிசனிங் 7, ரைட்டிங் 6.5, ஸ்பீக்கிங் 7. ரீடிங் 6.5.

ரைட்டிங் வந்தது, ரீடிங் போய்விட்டது. கடைசி இருபது நாள் ரீடிங்கைத் தொடவே இல்லை, எல்லா நேரமும் கட்டுரைக்கே போனது. டாஸ்க் இரண்டில் ஒரு மனப்பாட வரிகூட இல்லை. 281 சொல். கடைசி நான்கு நிமிடம் "ஊசியா, ஊசியையா" என்று பார்த்துக்கொண்டே வந்தேன், ஏழு இடத்தில் திருத்தினேன். ஐயாவுக்கு நன்றி என்று எழுதத்தான் வந்தேன், ஆனால் அழுகையாக வருகிறது. மறுபடியும் அரை பேண்ட். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

முட்டை_நாமக்கல்
வெள்ளி, இரவு 9.20

அடடா. மனசை விடாதீங்க அக்கா.

பனியன்காரன்
வெள்ளி, இரவு 9.25

ரைட்டிங்தான் மலை, அதை ஏறிவிட்டீர்கள். ரீடிங் சமாளித்துவிடலாம் அம்மணி.

லீட்ஸ்_அக்கா
வெள்ளி, இரவு 9.50

யாரும் ஒப்பாரி வைக்க வேண்டாம். அம்மணி, போன ரிசல்ட் பேப்பர் கையில் இருக்கிறதா? தேதி பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு பரீட்சைக்கும் நடுவில் எத்தனை மாதம்?

கோபி_நர்ஸ்
வெள்ளி, இரவு 9.58

ஐந்து மாதம் பன்னிரண்டு நாள். ஏனுங்கக்கா?

லீட்ஸ்_அக்கா
வெள்ளி, இரவு 10.15

என்எம்சி இரண்டு தடவை எழுதியதைச் சேர்த்து எடுத்துக்கொள்ளும். இரண்டும் பன்னிரண்டு மாதத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு பகுதியிலும் கேட்ட மார்க் வந்திருக்க வேண்டும். அதோடு எந்தத் தடவையிலும் ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் 6.5-க்குக் கீழே போகக்கூடாது, ரைட்டிங் 6-க்குக் கீழே போகக்கூடாது. 2023-க்கு முன்னால் ஆறு மாதம்தான் கொடுத்தார்கள், அப்புறம் கூட்டிவிட்டார்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். ரீடிங் 7 போன தடவை. ரைட்டிங் 6.5 இந்தத் தடவை. லிசனிங்கும் ஸ்பீக்கிங்கும் இரண்டு தடவையும் உண்டு. போன தடவை ரைட்டிங் 6, விளிம்பில் நிற்கிறது. இந்தத் தடவை ரீடிங் 6.5, அதுவும் விளிம்பில் நிற்கிறது. முதன்முதலில் எழுதிய அந்த 5.5 பேப்பர் இதற்கு ஆகாது, அதைப் பெட்டியில் போடுங்கள். மற்ற இரண்டையும் எடுத்து மேசையில் வையுங்கள். என் வார்டில் இருக்கிற ஒரு பிள்ளை இப்படித்தான் வந்தாள். நான் ஓஇடியில் ஒரே பேப்பரில் வந்ததால் எனக்கு இது முதலிலேயே நினைவுக்கு வரவில்லை, அது என் தப்பு. விண்ணப்பிக்கும் முன்னால் அவர்கள் தளத்தில் இன்றைய விதியை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

கோபி_நர்ஸ்
வெள்ளி, இரவு 11.05

படித்துவிட்டேனுங்கக்கா. மூன்று தடவை படித்தேன். அப்புறம் ஹாஸ்டல் அக்காவையும் எழுப்பிப் படிக்கச் சொன்னேன். சரிதான்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். தோட்டத்தில் தண்ணி பாய்ச்சிக்கொண்டிருந்தார், மோட்டார் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "இனிக் கட்ட வேண்டியதில்லைங்ப்பா" என்று கத்தினேன். "என்னது, கரண்ட் பில்லா?" என்றார்.

ஓய்வு_வாத்தியார்
சனி, காலை 5.50

மிக்க மகிழ்ச்சி அம்மணி. அந்த ஏழு இடமும் எவை என்று நினைவிருந்தால் எழுதுங்கள், பேத்திக்குக் காட்ட வேண்டும்.

பனியன்காரன்
சனி, காலை 9.40

வாழ்த்துகள் அம்மணி, லீட்ஸில் குளிருக்கு நம்ம திருப்பூர் தெர்மல் வாங்கிக்கொண்டு போங்கள். வாத்தியார் ஐயா, கிரகப்பிரவேசக் கடிதத்தைத் திரும்ப எழுதிப் போட்டிருக்கிறேன், மேலே மூன்றாவது பக்கத்தில். இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது. தயவுசெய்து விரைவில் பதிலளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்… பாருங்கள், தமிழிலேயே மெயில் அடிக்கிறேன்.